நிலுவை எங்கே பிறந்தது: கலிபோர்னியாவின் வேலையின்மைக் காப்பீட்டு நிர்வாகச் சீர்திருத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 செப்டம்பர் 19 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை, வேலையின்மைக் காப்பீட்டுக்கான புதிய விண்ணப்பங்களின் பரிசீலனையை இரண்டு வாரங்களுக்கு நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கொரோனா பெருந்தொற்று தொடங்கி ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. வேலையிழந்தவர்கள் லட்சக்கணக்கில் காத்திருந்த நேரத்தில் உதவி தரவேண்டிய அலுவலகமே வாசலைச் சாத்திக்கொண்டது, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நிர்வாகம் கைவிரித்துவிட்டதாகவே தோன்றியது. ஆனால் அந்த ஆண்டு அத்துறை எடுத்த முடிவுகளிலேயே நன்கு யோசித்து எடுக்கப்பட்ட முடிவு அதுதான் என்று சொல்ல இடமுண்டு. முடிவெடுக்கப்படாத விண்ணப்பங்களின் நிலுவை ஏன் குவிகிறது என்ற கேள்விக்கு அதுவரை சொல்லப்பட்டு வந்த இரண்டு காரணங்கள், அதாவது கணினி பழையது என்பதும் ஆள் போதவில்லை என்பதும், முழு உண்மை அல்ல என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அந்த அறிவிப்பு வந்தது.

திட்டத்தின் அமைப்பு

அமெரிக்காவில் வேலையின்மைக் காப்பீடு 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வருவது. பொதுச் சட்டகத்தை மத்திய அரசு வகுக்கிறது. தகுதி விதிகள், உதவித்தொகை, வரி விகிதம் ஆகியவற்றை ஒவ்வொரு மாநிலமும் வகுத்துத் தானே நடத்துகிறது. கலிபோர்னியாவில் இதற்கான பணம் முழுவதும் முதலாளிகள் செலுத்தும் ஊதிய வரியிலிருந்து வருகிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இதற்கென எதுவும் பிடிக்கப்படுவதில்லை. வேலையிழந்தவர் தகுதியுடையவராக இருந்தால் வாரத்துக்கு 40 முதல் 450 டாலர் வரை, சாதாரண காலங்களில் 26 வாரங்கள் வரை, உதவி பெறலாம். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, தான் வேலை செய்யக்கூடிய நிலையில் இருப்பதாகவும், வேலை தேடுவதாகவும், இடையில் சம்பாதித்திருந்தால் இவ்வளவு என்றும் அவர் உறுதிமொழிப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து தரவேண்டும். அதில் ஒரு கேள்விக்குக் குழப்பமாகப் பதில் எழுதினாலும் பணம் நின்றுவிடும். விளக்கம் கேட்க அலுவலர் ஒருவர் தொலைபேசி நேர்காணலுக்கு நாள் குறிக்கும்வரை அது நின்றபடியே இருக்கும்.

நிர்வாகச் செலவுக்கான பணம் வேறு வழியில் வருகிறது. துறையின் ஊழியர் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மத்திய அரசு மானியம் தருகிறது. அந்த மானியம் பெருமளவு வேலைப்பளுவை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. நாட்டில் வேலைவாய்ப்பு நன்றாக இருக்கும்போது விண்ணப்பங்கள் குறையும், மானியம் குறையும், அனுபவமுள்ள ஊழியர்களும் குறைவார்கள். அடுத்த பொருளாதாரச் சரிவு வந்து நிற்கும் நாளில் துறை மிகவும் மெலிந்திருக்கும். 2020-இன் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் வேலையின்மை 4 விழுக்காட்டை ஒட்டி, வரலாறு காணாத அளவுக்குக் குறைந்திருந்தது. அதாவது மிக மோசமான நேரத்தில் மிக மெலிந்த நிலையில் துறை சிக்கியது தற்செயல் அல்ல. பணம் ஒதுக்கும் முறையிலேயே அதற்கான வித்து இருந்தது.

வெள்ளம்

மார்ச் 14-ஆம் தேதியுடன் முடிந்த வாரத்தில் கலிபோர்னியாவில் வந்த புதிய விண்ணப்பங்கள் 60 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டே வாரங்களில், மார்ச் 28-உடன் முடிந்த வாரத்தில், அது 10 லட்சத்தைத் தாண்டியது. மாநிலத்தின் வேலையின்மை விகிதம் ஏப்ரலில் 16 விழுக்காட்டை எட்டியது. இதற்கிடையே மார்ச் 27 அன்று கையெழுத்தான மத்திய நிவாரணச் சட்டம், வழக்கமான உதவித்தொகைக்கு மேல் வாரம் 600 டாலரைக் கூட்டியதோடு, அதுவரை காப்பீட்டு வளையத்துக்கே வராத சுயதொழில் செய்வோர், ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்போர், செயலி வழியாக வாடகை வண்டி ஓட்டுவோர் ஆகியோருக்கும் ‘பெருந்தொற்று வேலையின்மை உதவி’ என்ற தனித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா அதற்கான விண்ணப்பத்தை ஏப்ரல் 28 அன்று திறந்தது. ஒரு மாதத்துக்குள் புதிய திட்டம், புதிய தகுதி விதிகள், புதிய படிவம் ஆகியவற்றைப் கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட பல பத்தாண்டு பழைய நிரல்களின்மேல் ஒட்டவைக்க வேண்டியிருந்தது.

வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்தது தொலைபேசி மட்டுமே. மாநிலத் தணிக்கையாளர் பின்னர் கண்டறிந்தபடி, பெருந்தொற்றின் ஆரம்ப மாதங்களில் துறையின் அழைப்பு மையம் தனக்கு வந்த அழைப்புகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றையே எடுத்துப் பேசியது. விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஊழியர்கள் காலை 8 மணி முதல் பகல் 12 மணி வரை மட்டுமே பேசினார்கள். ஏப்ரலில் வாரத்தின் ஏழு நாளும் இரவு 8 மணி வரை இயங்கும் இன்னொரு எண்ணை மாநிலம் திறந்தது. ஆனால் அங்கே அமர்ந்திருந்தவர்களால் பொதுவான தகவலைச் சொல்ல முடிந்ததே தவிர, அழைத்தவரின் கோப்பைத் திறந்து சிக்கலைத் தீர்க்க முடியவில்லை. அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாமல் அழைப்பவருக்கு, ‘இணையதளத்தில் பாருங்கள்’ என்ற பதிலைக் கேட்பதற்காகவா அத்தனை முறை முயன்றோம் என்ற ஆத்திரம்தான் மிஞ்சியது. அந்த ஆத்திரம் சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கோடை முழுவதும் பல உறுப்பினர்களின் ஊழியர்கள், தங்கள் தொகுதி மக்களின் விண்ணப்பங்களுக்காகத் துறையோடு மல்லுக்கட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

சிறப்புக் குழு

ஜூலை 29 அன்று ஆளுநர் கேவின் நியூசம் சிறப்புக் குழு ஒன்றை அமைத்தார். மாநில அரசின் செயல்பாட்டுத் துறைச் செயலாளர் யோலாண்டா ரிச்சர்ட்சனும், அரசுச் சேவைகளைத் தொழில்நுட்பத்தால் மேம்படுத்த முயலும் ‘கோட் ஃபார் அமெரிக்கா’ அமைப்பை நிறுவியவரும் ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகையின் துணைத் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்தவருமான ஜெனிஃபர் பால்காவும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். 45 நாட்களில் அறிக்கை தரவேண்டும் என்பது பணிப்பு. செப்டம்பர் 16 தேதியிட்டு அது வந்தது.

இத்தகைய குழுக்கள் வழக்கமாக உயரதிகாரிகளின் விளக்கக்காட்சிகளைக் கேட்டுவிட்டு, புதிய மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைத்துவிட்டுக் கலையும். இந்தக் குழு வேறு விதமாக நடந்துகொண்டது. ஒரு விண்ணப்பம் உள்ளே நுழைந்ததிலிருந்து பணம் வெளியேறும்வரை எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது, எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்கு எதைக் கையால் மாற்றி எழுதுகிறார்கள் என்பதை, அந்த வேலையைச் செய்யும் ஊழியர்களிடமே கேட்டுப் பின்தொடர்ந்தது. அப்போது தெரியவந்த முதல் விஷயமே வியப்பானது: நிலுவை எவ்வளவு என்பதற்குத் துறையிடம் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே எண் இல்லை. எதை நிலுவை என்று அழைப்பது என்பதிலேயே தெளிவு இல்லை. குழு எண்ணிப் பார்த்தபோது, விண்ணப்பித்து 21 நாட்களுக்கு மேலாகியும் முடிவு தெரியாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர். அதற்கு மேல், ஏற்கெனவே உதவி பெறத் தொடங்கிப் பிறகு ஏதோ ஒரு மாற்றத்தாலோ கேள்விக்குறியாலோ தடைபட்டு நின்றவர்கள் சுமார் 10 லட்சம். இந்தக் குவியல் நாளொன்றுக்கு 10 ஆயிரம் வீதம் வளர்ந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இருப்பதைத் தீர்த்து முடிக்க 2021 ஜனவரி இறுதி வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது.

அடையாளச் சரிபார்ப்பு என்ற இடுக்கு

குவியல் வளர்ந்த இடம் எது என்று பார்த்தால், பெரும்பகுதி ஒரே இடுக்கில் இருந்தது. விண்ணப்பதாரர் எழுதிய பெயர், பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றை அரசின் பிற தரவுகளோடு கணினி ஒப்பிடும். பொருந்தினால் விண்ணப்பம் தானாக நகரும். பொருந்தாவிட்டால் அது கையால் பார்க்கப்பட வேண்டிய வரிசைக்குப் போய்விடும். அப்படிப் போனவை மொத்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு.

பொருந்தாமல் போவதற்குப் பெரிய தில்லுமுல்லு தேவையில்லை. லத்தீன் அமெரிக்க வழக்கப்படி இரண்டு குடும்பப் பெயர் வைத்திருப்பவர் ஓரிடத்தில் ஒன்றையும் இன்னோரிடத்தில் இரண்டையும் எழுதியிருப்பார். திருமணத்துக்குப் பிறகு ஓட்டுநர் உரிமத்தில் பெயரை மாற்றிய பெண் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் மாற்றியிருக்கமாட்டார். பெயர்களுக்கு இடையே ஒரு சிறுகோடு இருக்கும் அல்லது இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து ஒற்றைப் பெயருள்ள கடவுச்சீட்டோடு போய், விசாவில் முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியாது) என்ற மூன்றெழுத்தைச் சுமந்துகொண்டு, ஓர் ஆவணத்தில் தகப்பனார் பெயரும் இன்னொன்றில் முதலெழுத்தும் இன்னொன்றில் எதுவுமில்லாமலும் அலைந்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதே இல்லை.

வரிசைக்குப் போன விண்ணப்பதாரருக்குத் தபாலில் ஒரு கடிதம் போகும். அவர் ஆவணங்களின் நகலைத் தபாலில் அனுப்ப வேண்டும். வந்தவற்றைப் பிரித்து, ஸ்கேன் செய்து, உரிய கோப்போடு இணைத்து, ஓர் ஊழியர் எடுத்துப் பார்க்கும்வரை எந்த நகர்வும் இல்லை. இதற்குள் பொறுமையிழந்த விண்ணப்பதாரர் மறுபடியும் ஒரு விண்ணப்பம் போடுவார். அழைப்பு மையத்தைத் தொடர்ந்து அழைப்பார். இரண்டாம் விண்ணப்பமும் அதே இடுக்கில் வந்து விழும். தாமதம் தானே மேலும் வேலையை உண்டாக்கியது.

இதில் கசப்பான பகுதி வேறு. இந்தச் சல்லடையில் சிக்கியவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள். திருடப்பட்ட அடையாளத்தை விலைக்கு வாங்கி விண்ணப்பிக்கும் கும்பலிடம் பெயரும் எண்ணும் பிறந்த நாளும் பிசிறில்லாமல் இருக்கும். அவை கணினியின் ஒப்பீட்டில் முதல் முறையே தேறிவிடும். சொந்தப் பெயரில் எழுத்துப்பிழையோடு விண்ணப்பிக்கும் ஏழையை நிறுத்திவைத்து, பிறர் பெயரில் பிழையில்லாமல் விண்ணப்பிக்கும் திருடனை அனுப்பிவைக்கும் சோதனை அது. மோசடியைத் தடுக்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் ஊழியர்கள் அந்தக் கடிதங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதால், அதைக் கைவிடச் சொல்வது எளிதாகவும் இருக்கவில்லை.

ஆள் சேர்த்ததால் கூடிய தாமதம்

சிக்கல் வந்ததும் மாநிலம் ஆட்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தது. செய்தியாளர் கூட்டத்தில் சொல்வதற்கு அது நல்ல எண்ணிக்கை. ஆனால் நிலுவையில் கிடந்தவை எளிய விண்ணப்பங்கள் அல்ல. எளியவற்றைக் கணினியே முடித்துவிட்டிருந்தது. பல்லாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த மத்திய, மாநில விதிகளையும், பழைய திரைகளின் சுருக்கக் குறியீடுகளையும் கரைத்துக் குடித்தவர்களால் மட்டுமே மிஞ்சியவற்றைத் தீர்க்க முடியும். அத்தகைய ஊழியர்கள் துறையில் சில நூறு பேர் இருந்தால் அதிகம். அவர்களைத்தான் புதியவர்களுக்குப் பயிற்சி தரவும், அவர்களின் சந்தேகங்களைத் தீர்க்கவும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒவ்வொரு புதிய தொகுதி ஆட்களும் சேர்ந்தபோது, கடினமான கோப்புகளைத் தீர்க்கும் வேகம் குறைந்தது. அனுபவசாலிகளைப் பயிற்சி வகுப்பிலிருந்தும் தொலைபேசியிலிருந்தும் விடுவித்துக் கடினமான கோப்புகளில் மட்டும் அமர்த்துங்கள் என்பது குழுவின் பரிந்துரைகளில் வெளியே அதிகம் பேசப்படாதது. என் பார்வையில் அதுவே மிகவும் பயனுள்ளது.

இன்னொரு பரிந்துரை அரசியல்ரீதியாகத் துணிச்சலானது. முழு அமைப்பையும் புதிதாக மாற்றுவதற்கென்று 2016 முதல் திட்டமிடப்பட்டு, ஒப்பந்தம் தரும் கட்டத்தில் இருந்த பெரிய நவீனமயத் திட்டத்தை நிறுத்தி மறுபரிசீலனை செய்யச் சொன்னது குழு. பல ஆண்டுகள் ஓடக்கூடிய அத்திட்டம், கண்முன்னே நிற்கும் இடுக்குகளைத் தீர்க்கும் வகையில் வடிவமைக்கப்படவில்லை என்பது வாதம். அந்த எச்சரிக்கைக்குப் பின்னணியும் இருந்தது: 2013 செப்டம்பரில் இதே துறை உறுதிமொழிப் படிவங்களைக் கையாளும் புதிய அமைப்பை இயக்கியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் வாரக்கணக்கில் தடைபட்டது. 2020-இல் பல மாநிலங்களில் கோபால் நிரல்மொழிதான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி அந்த மொழி தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று வெளிப்படையாகவே கேட்டார். பழைய இயந்திரம் தொல்லைதான். ஆனால் அடையாளக் கடிதத்தைத் தபாலில் அனுப்பு என்றும், இரண்டு பெயரில் ஒன்று குறைந்தால் நிறுத்து என்றும் முடிவெடுத்தது இயந்திரம் அல்ல. அதே விதியைப் புதிய இயந்திரத்தில் எழுதினால், அது வேகமாக நிறுத்தும், அவ்வளவுதான்.

இரண்டு வார நிறுத்தம் இந்தப் பின்னணியில் வந்தது. அந்த இடைவெளியில் ‘ஐடி.மீ’ என்ற தனியார் நிறுவனத்தின் இணையவழி அடையாளச் சரிபார்ப்பு பொருத்தப்பட்டு, அக்டோபர் 5 அன்று விண்ணப்ப வாசல் மறுபடி திறந்தது. விண்ணப்பிக்கும்போதே உரிமத்தையோ கடவுச்சீட்டையோ கைப்பேசியில் படமெடுத்து, தன் முகத்தையும் படமெடுத்து அனுப்பவேண்டும். கையால் பார்க்கவேண்டிய விண்ணப்பங்கள் 40 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறையும் என்று அரசு எதிர்பார்த்தது. நல்ல கைப்பேசியும் தடையில்லா இணையமும் ஒளியுள்ள அறையும் இல்லாதவர்களை இது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. முகத்தை அடையாளம் காணும் அந்தத் தொழில்நுட்பத்தின்மேல் இருந்த ஐயம் நாடு முழுவதும் வலுத்ததால், 2022 பிப்ரவரியில் மத்திய வருமான வரித்துறையே அந்நிறுவனத்தின் முகச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் திட்டத்தைக் கைவிட்டது. இருந்தாலும், தபாலில் வாரக்கணக்கில் நடந்த சோதனை விண்ணப்பத்தின் முதல் அரைமணி நேரத்துக்குள் நடக்கத் தொடங்கியதை முன்னேற்றம் என்றே சொல்லவேண்டும்.

மோசடியும் அதற்கான எதிர்வினையும்

நவம்பர் 24 அன்று கதை திசை மாறியது. சேக்ரமென்டோ மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆன் மேரி ஷூபர்ட் தலைமையில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் சிலர், சிறைக்கைதிகளின் பெயரில் பெரும் அளவில் உதவித்தொகை எடுக்கப்பட்டிருப்பதை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் 35 மாநிலங்கள் விண்ணப்பதாரர் பட்டியலைச் சிறைவாசிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை வைத்திருந்தன, கலிபோர்னியா வைத்திருக்கவில்லை. 2021 ஜனவரி 25 அன்று மாநிலத் தொழிலாளர் துறைச் செயலாளர் ஜூலி சூ, பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து வழங்கிய 11,400 கோடி டாலரில் ஏறத்தாழ 10 விழுக்காடு மோசடி என உறுதியாகியிருப்பதாகவும், மேலும் 17 விழுக்காடு சந்தேகத்துக்குரியது என்றும் ஒப்புக்கொண்டார். அதே வாரத்தில் மாநிலத் தணிக்கையாளர் எலைன் ஹவ்ல் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டார். சிறையிலிருப்பவர்களின் பெயரில் மட்டும் சுமார் 81 கோடி டாலர் போயிருந்தது. ஒரே முகவரியிலிருந்து 1,700-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தும் பணம் போயிருந்தது. மொத்த இழப்பு 2,000 கோடி டாலர் என்பது மாநிலம் பின்னர் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு.

இந்த எண்களைக் கேட்டதும் வேலையின்மைக் காப்பீடே ஓட்டைப் பானை என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். உண்மையில் மோசடியின் மிகப்பெரும் பகுதி வழக்கமான காப்பீட்டில் நடக்கவில்லை. சுயதொழில் செய்வோருக்கான மத்திய அரசின் அவசரத் திட்டத்தில் நடந்தது. வழக்கமான காப்பீட்டில் முன்னாள் முதலாளிக்கு அறிவிப்பு போகும். வேலையே பார்க்காத ஒருவர் பெயரில் விண்ணப்பம் வந்தால் அந்த முதலாளி மறுப்பார். அவசரத் திட்டத்தில் முதலாளி என்று ஒருவரே இல்லை. வருமானத்தை விண்ணப்பதாரரின் சொல்லை நம்பியே ஏற்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. 2020 டிசம்பர் இறுதியில் வந்த திருத்தம்தான் ஆவணச் சான்றைக் கட்டாயமாக்கியது. போதாக்குறைக்கு, விண்ணப்பத்தைப் பல மாதங்கள் முன்தேதியிட்டு மொத்தமாகப் பணம் தரும் வசதியைத் துறை தானியங்கியாகவே வைத்திருந்தது. ஒரு போலி விண்ணப்பம் ஒரே தவணையில் பல ஆயிரம் டாலரைக் கொண்டுவரும் என்றால் திருடர்கள் வராமல் இருப்பார்களா? அந்த வசதியைச் செப்டம்பரில்தான் நிறுத்தினார்கள். நாடு தழுவிய அளவில் பெருந்தொற்றுக் கால வேலையின்மை உதவியில் மோசடியாகப் போனது 10,000 முதல் 13,500 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. இது கலிபோர்னியாவுக்கு மட்டும் நேர்ந்த கேடு அல்ல.

அடுத்து நடந்ததுதான் ஆய்வுக்குரிய பகுதி. அதுவரை வேகம் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆளான துறை, இப்போது காவல் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகி, எதிர்த்திசையில் பாய்ந்தது. 2021 ஜனவரி தொடக்கத்தில், அடையாளத்தையோ தகுதியையோ மறுபடி நிரூபிக்கவேண்டும் என்று 14 லட்சம் பேரின் கணக்குகளை நிறுத்திவைத்தது. பழைய நிலுவை தீரும் என்று சொல்லப்பட்ட அதே மாதத்தில் புதிய நிலுவை பிறந்தது. வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருளால் சந்தேகத்துக்குரியவை என்று குறிக்கப்பட்ட 11 லட்சம் கோரிக்கைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை உண்மையானவை என்று பின்னர் உறுதியானதைச் சட்டமன்றத்தின் பகுப்பாய்வு அலுவலகம் 2022-இல் எடுத்துக்காட்டியது. சந்தேகப்பட்டியலில் பாதிக்கு மேல் நிரபராதிகள் என்றால், அது சல்லடை அல்ல.

இதே காலத்தில் வங்கிப் பக்கமும் இதே தவறு நடந்தது. உதவித்தொகை பெரும்பாலும் பேங்க் ஆஃப் அமெரிக்கா வழங்கிய டெபிட் அட்டைகள் மூலமே போனது. நேரடியாகச் சொந்த வங்கிக் கணக்கில் பெற வழியில்லை. அந்த அட்டைகளில் பாதுகாப்புச் சில்லு இல்லாததால் பணம் களவுபோனது என்று புகார்கள் குவிந்தன. களவுபோனதைச் சொன்னவர்களின் கணக்குகளையே தானியங்கி வடிகட்டி ஒன்று முடக்கியது. புகார் கொடுத்தவரைச் சந்தேகத்துக்குரியவராக்கி, இருந்த பணத்தையும் தொடவிடாமல் செய்த அந்த நடைமுறைக்காக, 2022 ஜூலையில் இரண்டு மத்திய ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு மொத்தம் 22.5 கோடி டாலர் அபராதம் விதித்தன.

மோசடி பயத்தில் இயந்திரத்தை முழுமையாக நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு மிச்சிகன் முன்பே ஒரு பாடம் தந்திருந்தது. 2013 அக்டோபரில் அம்மாநிலம் தொடங்கிய ‘மிடாஸ்’ என்ற கணினி அமைப்பு, மனிதர் யாரும் பார்க்காமலேயே ஏறத்தாழ 40 ஆயிரம் பேரை மோசடிக்காரர்கள் என்று தீர்ப்பளித்தது. மறுஆய்வு செய்யப்பட்ட தானியங்கித் தீர்ப்புகளில் 93 விழுக்காடு தவறு என்று தெரிந்தது. அதற்குள் சிலருக்குத் திரும்ப வரவேண்டிய வரிப்பணம் பறிக்கப்பட்டு, சிலர் திவாலாகியிருந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த நிகழ்வைக் கலிபோர்னியா படித்ததாகத் தெரியவில்லை.

தணிக்கைக்குப் பின்

தணிக்கையாளரின் அறிக்கைகளில் என்னை அதிகம் நிறுத்தியது மோசடித் தொகை அல்ல, துறைக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டவற்றின் பட்டியல். அழைப்பு மையத்தின் பலவீனம் பல ஆண்டுகளாகத் தெரிந்தது. அடுத்த சரிவுக்கான திட்டம் எழுதி வைக்கப்படவில்லை. தபாலில் போகும் கடிதங்களில் முழுச் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் அச்சிடுவதை நிறுத்துங்கள் என்று 2019-லேயே தணிக்கை சொல்லியிருந்தது. அப்போது ஓராண்டில் அப்படிப் போன கடிதங்கள் 1 கோடியே 70 லட்சம். பெருந்தொற்றின்போது பிறர் பெயரில் வந்த கடிதங்கள் ஒரே வீட்டுத் தபால்பெட்டியில் கட்டுக்கட்டாக விழுந்தன என்று செய்திகள் வந்தபோது, அவற்றில் அந்த எண்கள் அப்படியே இருந்தன.

2021 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டங்கள் சிறைத்துறைத் தரவைப் பகிர்வதையும், பொருளாதாரச் சரிவுக்கான தயார்நிலைத் திட்டத்தைத் துறை எழுதிப் புதுப்பிப்பதையும் கட்டாயமாக்கின. நிறுத்தப்பட்ட பழைய நவீனமயத் திட்டத்தின் இடத்தில் ‘ஈடிடி நெக்ஸ்ட்’ (ஈடிடி என்பது துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்ற, ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 120 கோடி டாலர் மதிப்பிலான திட்டம் வந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றும் எண்ணம் கைவிடப்பட்டு, அழைப்பு மையம், நுழைவுப் பக்கம், படிவங்களின் மொழி, பணம் போகும் வழி என்று விண்ணப்பதாரர் தொடும் பகுதிகளிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். வியட்நாமியம், கொரியன், தகாலோக், ஆர்மீனியன் போன்ற மொழிகளில் சேவை தருவது, தொழிலாளர் உரிமை அமைப்புகளோடு 2022-இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே வந்தது. அதுவரை ஆங்கிலமும் ஸ்பானிஷும் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வைத்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவித்தொகையை நேரடியாக வங்கிக் கணக்கில் பெறும் வசதி 2024-இல்தான் வந்தது. பல மாநிலங்களில் எப்போதோ வந்துவிட்ட ஒன்றுக்காகக் கலிபோர்னியா, சிலிக்கான் பள்ளத்தாக்கைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டு, இத்தனை காலம் காத்திருந்தது.

சட்டமன்றப் பகுப்பாய்வு அலுவலகத்தின் 2022 ஆகஸ்ட் அறிக்கை, மென்பொருள் பேச்சுக்கு அப்பால் போனது. துறை மறுத்த கோரிக்கைகள் மேல்முறையீட்டுக்குப் போனால் பாதிக்கு மேற்பட்டவை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டன. நாட்டின் மற்றப் பகுதிகளில் இந்த விகிதம் இதைவிட மிகக் குறைவு. மேல்முறையீடு செய்யத் தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. முதலாளியின் வரி, அவரிடம் வேலைபார்த்து விலகியோர் பெறும் உதவித்தொகையைப் பொறுத்து ஏறுவதால், கோரிக்கையை எதிர்ப்பதில் அவருக்கு ஆதாயம் இருக்கிறது. நிதி வறண்டிருப்பதால் செலவைக் குறைக்கும் மனநிலை துறைக்கும் இருக்கிறது. விதிகளும் கடிதங்களும் நேர்காணல்களும் பல்லாண்டுகளாக அந்தப் பக்கமே சாய்ந்து வளர்ந்தன என்பது அலுவலகத்தின் வாதம். அது சரியென்றே படுகிறது. மறுப்பதற்கு ஒரு காரணம் போதும், தருவதற்கு எல்லாக் காரணமும் வேண்டும் என்ற அமைப்பில், சந்தேகம் வரும்போதெல்லாம் கோப்பு நின்றுதான் போகும்.

நிதியைப் பற்றிய ஒரு குழப்பத்தையும் இங்கே தெளிவாக்க வேண்டும். மோசடியால்தான் காப்பீட்டு நிதி திவாலானது என்று பலர் எழுதுகிறார்கள். மோசடியாகப் போனதில் பெரும்பகுதி மத்திய அரசின் பணம். மாநிலக் காப்பீட்டு நிதி மத்திய அரசிடம் வாங்கி இன்னும் அடைக்காமல் இருக்கும் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடன் வேறு; இரண்டு தொகைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது தற்செயல். கடனுக்குக் காரணம், ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டுமே வரி வாங்கும் முறை. மத்தியச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு அது, 1980-களிலிருந்து மாறவில்லை. கடன் அடையாததால் 2022 முதல் முதலாளிகள் செலுத்தும் மத்திய வரி, ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 21 டாலர் வீதம் ஏறிக்கொண்டே போகிறது. வட்டியை மாநிலப் பொதுநிதி கட்டுகிறது. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கும் உதவித்தொகை தரும் மசோதாவை 2023-இல் ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பியபோது இந்தக் கடனையே காரணமாகச் சொன்னார். உச்சபட்ச உதவித்தொகையான வாரம் 450 டாலரும் 2005-இல் நிர்ணயிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாத வாடகைக்கு எத்தனை 450 வேண்டும் என்பது துறையின் எந்தச் சீர்திருத்தத்தாலும் மாறாது. வரியடிப்படையையும் உச்சவரம்பையும் மாற்றும் அதிகாரம் மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோவில் சட்டமன்றத்திடமே இருக்கிறது. அங்கே வரியை உயர்த்த முதலாளிகளும், உதவியைக் குறைக்கத் தொழிற்சங்கங்களும் ஒப்புக்கொள்ளவில்லை.